குண்டு சின்னதா பெரிசா என்பதல்ல கேள்வி

"இன்சாஸ் துப்பாக்கி ஏன் தோத்துப்போச்சு தெரியுமா சார்? குண்டு சின்னது. அஞ்சு புள்ளி அம்பத்தாறு. சுட்டா எதிரி விழமாட்டான். அதான் கவர்மென்ட் மறுபடி பெரிய குண்டுக்கே போயிடுச்சு."

இதைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்னை சத்யா விளையாட்டரங்கில் காலை நடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரும் சொல்கிறார், ரயில்வேயில் இருந்தவரும் சொல்கிறார். சொல்கிற எல்லோருக்கும் முகத்தில் ஒரே திருப்தி, ராணுவ ரகசியம் ஒன்றை நமக்கு இலவசமாகக் கொடுத்துவிட்ட திருப்தி.

நான் பட்டாளத்தில் இருந்தவனில்லை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். கூடவே என்.சி.சி. அதிகாரியாக இருந்து, வருஷா வருஷம் பையன்களைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துப்போனவன். ஆனால் குழலுக்குள் குண்டு என்ன செய்கிறது என்பது ராணுவ ரகசியமே அல்ல. பம்பரம் விட்டவன் எவனுக்கும் புரிகிற விஷயம். அதனால் சொல்கிறேன்: இன்சாஸைப் பற்றிய குறைகள் பல உண்மை. குண்டு சின்னது என்ற குறை மட்டும் வீண் பழி. இந்த வீண் பழியை நம்பினால் அடுத்த துப்பாக்கியிலும் அதே தவறு நடக்கும். அதைச் சுமக்கப்போவது நடைப்பயிற்சிக்காரர்கள் அல்ல. ஒரத்தநாடு பக்கத்திலிருந்தும் பட்டுக்கோட்டை பக்கத்திலிருந்தும் போய்ப் பனியில் நிற்கிற பையன்கள்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நாம் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அடியில் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு, எல்லாம் சேர்ந்தது. பறந்து போவது குண்டு மட்டும். குழலின் உட்சுவரில் திருகாணி மாதிரி வளைந்து ஓடும் காடிகள் உண்டு. அந்தக் காடிகள்தான் குண்டைச் சுழற்றிவிடுகின்றன. எத்தனை அங்குல நீளத்துக்குள் ஒரு முழுச் சுற்று வருகிறது என்பதுதான் முறுக்கு. பத்து அங்குலத்தில் ஒரு சுற்று என்றால் ஒன்றுக்குப் பத்து. எண் குறையக் குறைய முறுக்கு இறுகுகிறது என்று பொருள்.

ஏன் சுழல வேண்டும்? பம்பரம் ஏன் நிற்கிறது, அதனால்தான். சாட்டையை ஒழுங்காகச் சுண்டினால் ஆணி மேல் அசையாமல் தூங்கும். வேகம் போதாவிட்டால் தலையை ஆட்டி, பக்கவாட்டில் சாய்ந்து, உருண்டு ஓடும். குண்டும் அப்படித்தான். முறுக்குப் போதாத குழலிலிருந்து, அல்லது காடி தேய்ந்த குழலிலிருந்து கிளம்பிய குண்டு, காற்றில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போகும். பயிற்சியில் 25 கஜத்தில் அட்டை வைத்துச் சுடுவோம். வட்டமாக விழ வேண்டிய ஓட்டை சில சமயம் சாவித்துவாரம் மாதிரி நீளமாக விழுந்திருக்கும். அந்த அட்டையைப் பையன்களிடம் காட்டி, "குண்டு படுத்துக்கொண்டே போயிருக்கிறது பார்" என்பேன். அரை மணி நேரப் பாடத்தை அந்த ஒரு ஓட்டை நடத்திவிடும்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். எவ்வளவு முறுக்கு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் குண்டின் எடை என்பார்கள். இல்லை. அதன் நீளம். வூல்விச்சில் பீரங்கி அதிகாரிகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-லேயே இதற்கு ஒரு எளிய கணக்குப் போட்டுவிட்டார். குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கு, 150-ஆல் பெருக்கு, நீளத்தால் வகு. எல்லாம் அங்குலத்தில். வருவதுதான் முறுக்கு. மிக வேகமான குண்டுக்கு 150-க்குப் பதில் 180.

நம் என்.சி.சி. பையன்கள் சுடும் பாயின்ட் 22 தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 0.223 அங்குலம். நீளம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, 0.47 என்று வையுங்கள். கணக்குப் போட்டால் 15.9 வரும். உலகம் முழுக்க பாயின்ட் 22 குழல்களுக்கு வழக்கமான முறுக்கு ஒன்றுக்குப் பதினாறு. கணினி இல்லாத காலத்தில் ஒரு வாத்தியார் பென்சிலால் போட்ட கணக்கு.

இந்தக் கணக்கை மதிக்காதவர்கள் பட்ட பாட்டையும் பாருங்கள். அமெரிக்காவில் எம்-16 துப்பாக்கி பிறந்தபோது அதன் குண்டு சுமார் 19 மில்லிமீட்டர் நீளம், மூன்றரை கிராம் எடை. கிரீன்ஹில் கணக்கு 12 என்கிறது. அவர்கள் வைத்தது 14. வெயில் நாட்டில் ஒப்பேறியது. அலாஸ்காவின் குளிரில், காற்று அடர்ந்தவுடன், குண்டு தலையாட்ட ஆரம்பித்தது. 1963-ல் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று மாற்றினார்கள். பிறகு 1980-ல் நேட்டோ நாடுகள் எஸ்.எஸ்.109 என்ற புதிய 5.56 தோட்டாவை ஏற்றுக்கொண்டன. குண்டு நான்கு கிராம், நீளம் 23 மில்லிமீட்டர். இதைப் பழைய பன்னிரண்டு முறுக்குக் குழலில் போட்டால் இலக்கு ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். அதற்கு ஒன்பதே போதும். ஆனால் அமெரிக்கர்கள் ஏழு வைத்தார்கள். ஏன்? ஒளிவிட்டுப் போகும் டிரேசர் குண்டு அதைவிட நீளம், ஏறக்குறைய 29 மில்லிமீட்டர். அந்த ஒன்றுக்காக எல்லாக் குழலையும் முறுக்கினார்கள். ஏழு அங்குல முறுக்கில் விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வெளிவரும் குண்டு நிமிஷத்துக்குச் சுமார் மூன்று லட்சம் சுற்றுச் சுழல்கிறது. எந்தச் சாட்டையும் சுண்ட முடியாத பம்பரம்.

இதிலிருந்து தெரிவது ஒரு வரிசை. முதலில் வேலை என்ன என்று முடிவுசெய். வேலைக்கு ஏற்ற குண்டு. குண்டுக்கு ஏற்ற தோட்டா. தோட்டாவுக்கு ஏற்ற முறுக்கு. மீதித் துப்பாக்கி அதற்கு அப்புறம். டெல்டாக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் எப்போது திறக்கிறான் என்று பார்த்துத்தான் ரகத்தை முடிவுசெய்கிறோம். ஜூன் 12-ல் தண்ணீர் வந்தால் குறுவைக்கு ஆடுதுறை 36. தாமதமானால் நேராகச் சம்பா, சி.ஆர். 1009. ரகம் முடிவான பிறகுதான் நாற்றின் வயதும் நடவின் இடைவெளியும். விதையைத் தெளித்துவிட்டு ரகத்தை யோசிக்கிறவனை ஊரில் என்ன சொல்வோம்?

சரி, நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1962-ல் சீனப் போரில் நம் ஜவான்கள் தூக்கிக்கொண்டு நின்றது பழைய 303. அதன் பிறகு வந்தது 7.62×51 தோட்டா போடும் எஸ்.எல்.ஆர். நல்ல துப்பாக்கி, கனமான துப்பாக்கி. எண்பதுகளில் 5.56-க்கு மாறுவது என்று முடிவாகி, இன்சாஸ் வடிவமைக்கப்பட்டது. அது வருவதற்குள் அவசரத்துக்கு ஒரு லட்சம் ஏ.கே. துப்பாக்கிகள் 1990-92-ல் வெளிநாடுகளிலிருந்து வாங்கப்பட்டன. அது மூன்றாவது தோட்டா, 7.62×39. துப்பாக்கி தயாரானபோது நம்மிடம் 5.56 தோட்டா போதுமான அளவில் உற்பத்தி ஆகவில்லை. முழு அளவில் படைக்குப் போய்ச் சேர 1990-களின் இறுதி ஆகிவிட்டது. அடுத்த வருஷங்களிலேயே கார்கில்.

கார்கிலில் என்ன நடந்தது? குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது. துப்பாக்கி அடைத்துக்கொண்டது. எண்ணெய் பின்னால் தெறித்துச் சுடுகிறவன் கண்ணில் அடித்தது. இவை அன்றைக்கே வெளிவந்த புகார்கள். மேகசின் என்பது பிளாஸ்டிக்கின் குற்றம். அடைப்பு என்பது உள்வேலைப்பாட்டின் குற்றம். எண்ணெய் என்பது வடிவமைப்பின் குற்றம். இதில் குண்டின் அளவு எங்கே வந்தது? வாய்க்கால் தூர்வாராமல் விட்டுவிட்டுக் கடைமடையில் பயிர் காய்ந்ததும் விதை சரியில்லை என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முறுக்கின் மேல் பழி போடவும் வழியில்லை. பாயின்ட் 5140, பாயின்ட் 4875 என்று படித்தோமே, அந்த எண்களே அச்சிகரங்களின் உயரம், மீட்டரில். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி நம் சமவெளியில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. காற்று மெலிந்தால் குண்டு இன்னும் ஸ்திரமாகப் பறக்கும், வேகமும் மெதுவாகத்தான் குறையும். மலை அந்தச் சின்னக் குண்டுக்கு உதவியாகத்தான் இருந்தது. பட்டாலிக்கில் 1999 மே 29 அன்று உயிர் கொடுத்த திருச்சி மேஜர் சரவணனைப் போன்றவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு அரைகுறைப் பேச்சு பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை, உண்மையான குறையை உண்மையான பெயர் சொல்லி அழைப்பது.

இன்னொரு கதையும் உண்டு. "5.56 கொல்வதற்கு இல்லை சார், காயப்படுத்தத்தான். ஒருத்தன் காயம்பட்டா ரெண்டு பேர் தூக்கணும், மூணு பேர் அவுட்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எஸ்.எஸ்.109 குண்டைத் தேர்ந்தெடுத்தபோது வைத்த சோதனை என்ன? 600 மீட்டருக்கு அப்பாலும் மூன்றரை மில்லிமீட்டர் எஃகுத் தகட்டைத் துளைக்க வேண்டும் என்பது. அதாவது தலைக்கவசத்தை. காயம் மட்டும் போதும் என்று நினைப்பவன் அறுநூறு மீட்டரில் தலைக்கவசத்தைத் துளைக்க ஏன் மெனக்கெடுகிறான்?

பெரிய குண்டுதான் ஆம்பிளைத்தனம் என்கிறவர்களுக்கு இரண்டு பெயர்கள். நாம் சின்ன வயதில் படித்து மயங்கிய ஜிம் கார்பெட், 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்குப் பரிசாகப் பெற்றது ரிக்பி 275. ஏழு மில்லிமீட்டர். பின்னால் வந்த பல வேட்டைகளில் அதுதான் அவர் கை. ஆப்பிரிக்காவில் டபிள்யூ.டி.எம். பெல் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார், பெரும்பாலும் அதே ஏழு மில்லிமீட்டரால். அந்தப் பாவத்தை நான் மெச்சவில்லை. ஆனால் யானைக்கே போதுமானது எங்கே படுகிறது என்பதுதான், எவ்வளவு பெரிசு என்பதல்ல.

எதிர்க் கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நெடுந்தூரத்தில், சுவருக்குப் பின்னால், பெரிய 7.62×51 குண்டுக்கு வலு அதிகம். மறுக்கவில்லை. ஆனால் விலை என்ன? 5.56 தோட்டா ஒன்று சுமார் 12 கிராம். 7.62×51 சுமார் 24 கிராம். இருநூறு தோட்டா எடுத்தால் ஒன்று 2.4 கிலோ, மற்றொன்று 4.8 கிலோ. பதினைந்தாயிரம் அடி உயரத்தில், மூச்சு வாங்கும் இடத்தில், அந்த இரண்டரை கிலோவை நடைப்பயிற்சி நண்பர்கள் ஒருநாள் தூக்கிப் பார்க்கட்டும். நடுவில் உள்ள 7.62×39 தோட்டாவின் எடை 16, 17 கிராம். குண்டு கிளம்பும் வேகம் விநாடிக்கு 715 மீட்டர்தான். கிட்டத்தில் நன்றாக அடிக்கும். 300 மீட்டரைத் தாண்டினால் 5.56-ஐவிட அதிகமாகக் கீழே வளைந்து விழும். பெயரில் 7.62 இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஒரே விட்டம், வேறு தோட்டா, வேறு வேலை.

இப்போது நாட்டின் நிலைமை என்ன? 2019 பிப்ரவரியில் 72,400 சிக் 716 துப்பாக்கிகள் வாங்க ஒப்பந்தம், தோட்டா 7.62×51. 2024-ல் மேலும் 73,000. 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கும் மேல் ஏ.கே. 203, அமேதி கோர்வாவில் தயாரிக்க ஒப்பந்தம், தோட்டா 7.62×39. 2022-ல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்பைன்களுக்கு டெண்டர், தோட்டா என்ன தெரியுமா? 5.56×45! தோத்துப்போச்சு என்று நீங்கள் சொன்ன அதே சின்னக் குண்டு! குண்டு உதவாக்கரை என்றால் லட்சக்கணக்கில் மறுபடி ஏன் கேட்கிறார்கள்? ஆக அரசாங்கமே உங்கள் கதையை நம்பவில்லை.

ஆனால் அரசாங்கம் செய்வதும் சரியென்று நான் சொல்லவில்லை. ஒரே காலாட்படைக்கு மூன்று தோட்டா. ஒருவன் தோட்டா தீர்ந்து கை நீட்டினால், பக்கத்தில் இருக்கிறவனுடையது அவன் துப்பாக்கியில் பொருந்துமா என்று யோசிக்க வேண்டும். மூன்று வகைப் பெட்டிகளைக் கோவேறு கழுதை மேல் ஏற்றி மலையேற வேண்டும். வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு தோட்டா என்பது நியாயம், குறுவைக்கு ஒன்று சம்பாவுக்கு ஒன்று என்பதைப் போல. ஒரே வயலில் மூன்று ரகத்தையும் கலந்து விதைத்தால் அறுவடை என்னாகும்? தேவையைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதினால் இதுதான் நடக்கும்.

இதன் பலனை நம் பக்கத்திலேயே பார்க்கலாம். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில் திருவெறும்பூர் தாண்டி நவல்பட்டில், 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை. இன்சாஸ் செய்த மூன்று தொழிற்சாலைகளில் அதுவும் ஒன்று. இன்றைக்கு அதே கையால் 7.62×39-க்குத் திருச்சி அசால்ட் ரைஃபிள் செய்கிறார்கள். குழலின் விட்டம் மாறினால் முறுக்கு மாறும், அறை மாறும், கருவி மாறும், அளவுகோல் மாறும், ஆளின் கைப்பழக்கம் மாறும். ஒரு தொழிலாளி ஒரு குழலில் தேர்ச்சி பெற வருஷங்கள் ஆகும். தேர்ச்சி வந்ததும் "அது வேண்டாம், இது" என்றால், தரம் எங்கிருந்து வரும்? கடைசியில் "திருச்சிக்காரன் செஞ்ச துப்பாக்கி" என்று அவர்கள் தலையில்தான் விடிகிறது. தோட்டாவை அவர்களா தேர்ந்தெடுத்தார்கள்?

நம் நாட்டில் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பவன் வேறு, சுமப்பவன் வேறு. இது இன்று நேற்றுக் கதையல்ல. 1857-ல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் கலகம் மூண்டது என்று படித்தோம். கொழுப்பு எதற்கு என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. அதற்கு முன் இருந்த வழவழப்பான குழலுக்குத் தளர்வான உருண்டை போதும். புதிய என்ஃபீல்டு குழலில் முறுக்குக் காடி இருந்தது, குண்டு இறுக்கமாக உட்கார வேண்டும், வழுக்கிப் போகக் கொழுப்பு வேண்டும். குண்டையும் முறுக்கையும் கணக்குப் பார்த்துப் பொருத்தினார்கள். அதை வாயால் கடித்துக் கிழிக்கப்போகும் சிப்பாய் யார், அவனுக்கு எது ஆகாது என்று மட்டும் கேட்கவில்லை. பிறகு பயம் வந்தது. ராணுவத் தோட்டா வெளியே போய்விடக்கூடாது என்று 303-ஐத் தனியாருக்குத் தடை செய்தார்கள். அதனால்தான் லைசென்ஸ் வைத்திருந்த பண்ணையார்கள் வீட்டில் 315 தொங்கியது. எந்த வேட்டைக்காரனும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அளவு அல்ல அது, ஆஸ்திரிய ராணுவத்தின் பழைய மான்லிக்கர் தோட்டா. வெள்ளைக்காரன் போன பின்னும் இஷாப்பூரில் அதையேதான் செய்தோம். அன்றைக்குப் பயம் தேர்ந்தெடுத்தது. இன்றைக்குப் பெருமையும் அவசரமும் தேர்ந்தெடுக்கின்றன.

அடுத்த ஆபத்து வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க ராணுவம் 2022-ல் 6.8×51 என்ற புதிய தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. "பாத்தீங்களா, அவனே பெரிசுக்குப் போயிட்டான், நாமளும் போகணும்" என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. நவீன உடற்கவசத்தைத் துளைக்க வேண்டும் என்பது அவன் வேலை. அதற்காக அவன் எடையையும் உதைப்பையும் ஏற்றுக்கொண்டான். நம் வேலை என்ன? காஷ்மீரில் வீடுகளுக்கு நடுவே ஐம்பது மீட்டரிலா? லடாக்கில் ஐந்நூறு மீட்டரிலா? இரண்டும் என்றால் எவ்வளவு பேருக்கு எது? அதை எழுதி வைத்துவிட்டுப் பிறகு தோட்டாவைப் பேசட்டும்.

ஒரு துப்பாக்கி நல்லதா என்று இனி யாராவது உங்களிடம் பேச வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மீட்டரில், எதைத் துளைக்க? சுமக்கிறவன் எத்தனை தோட்டா சுமப்பான்? இந்தத் தோட்டா இன்னும் முப்பது வருஷம் மாறாது என்று யார் கையெழுத்துப் போடுவார்கள்? முறுக்கை நான் சேர்க்கவில்லை. முதல் கேள்விக்கு நேர்மையான பதில் வந்துவிட்டால், முறுக்கை கிரீன்ஹில் வாத்தியார் பென்சிலாலேயே சொல்லிவிடுவார். பதில் வராவிட்டால், எந்த முறுக்கு வைத்தாலும் குண்டு தலையாட்டிக்கொண்டுதான் போகும்.